டாரட் அட்டை வாசிப்புக் கருவிக்கு ஏஐ முகவர்கள் படிக்கும் ஆவணத்தை எழுதுவது எப்படி: முழுமையான வழிகாட்டி

ஒரு நிரலாளருக்காக எழுதிய ஆவணத்தில் ஏதேனும் விடுபட்டிருந்தால், அவர் மூல நிரலைத் திறந்து பார்ப்பார், எழுதியவரிடம் கேட்பார், அல்லது இரண்டு முறை இயக்கிப் பார்த்துப் புரிந்துகொள்வார். ஏஐ முகவருக்கு, அதாவது எழுத்துகளைக் கொண்டு பயிற்றுவிக்கப்பட்ட மொழி மாதிரி ஒன்றால் இயங்கி, பிற நிரல்களைக் கருவிகளாக அழைத்து வேலை முடிக்கும் மென்பொருளுக்கு, பெரும்பாலும் இந்த வழிகள் கிடையாது. கருவியின் பெயர், விளக்கம், உள்ளீட்டு அமைப்பு ஆகியவையே அதன் முன் வைக்கப்படுகின்றன. அவற்றில் இல்லாததைத் தன் பயிற்சியில் கற்றதைக் கொண்டு அது நிரப்பிக்கொள்கிறது. வானிலைக் கருவியில் இப்படி நிரப்பினால், வெளியே எட்டிப் பார்த்தவுடன் தவறு தெரிந்துவிடும். படமிட்ட அட்டைகளை எடுத்துக் குறி சொல்லும் டாரட்டில் அதற்கு வழியில்லை. தவறான அட்டையை, வேறொரு மரபின்படி, பொருந்தாத இடத்தில் வைத்து வாசித்தாலும், வருவது கோவையான, நம்பும்படியான வாசிப்பாகவே இருக்கும். ஆகவே இத்தகைய கருவிக்கு ஆவணம் எழுதுபவர், பிழை தானே கண்ணில் படும் என்று நம்பியிராமல், இந்த வரியைச் சொல்லாமல் விட்டால் எது தவறாகும் என்று ஒவ்வோரிடத்திலும் கேட்டுக்கொண்டே எழுத வேண்டும்.

ஆந்த்ரோபிக் நிறுவனம் 2024 நவம்பரில் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்னும் நெறிமுறையின் வழியே முகவர்களுக்குக் கிடைக்கும் ஒரு சிறிய டாரட் கருவியை இந்த வழிகாட்டி எடுத்துக்காட்டாகக் கொள்கிறது. வேறு முறையில் கருவியை இணைப்பவர்களுக்கும் இதில் உள்ளவற்றில் பெரும்பகுதி பொருந்தும். கருவிகளின் பெயரையும் புலங்களின் பெயரையும் இங்கே தமிழில் தருகிறேன். உங்கள் நிரலில் அவை ஆங்கில எழுத்தில் இருக்கும்.

முதல் படி: எடுப்பதையும் பொருள் சொல்வதையும் பிரித்தல்

கிளி ஜோசியம் பார்த்தவர்களுக்கு இந்தப் பிரிவினை புதிதல்ல. கூண்டிலிருந்து வெளியே வரும் கிளி, அடுக்கிலிருந்து ஓர் அட்டையை அலகால் இழுத்துப் போடும். அதைப் பிரித்துப் பலன் சொல்பவர் ஜோசியர். பலன் சொல்பவரே அட்டையையும் பொறுக்கி எடுத்தால், கேட்க வந்தவர் அதை ஏற்கமாட்டார். மொழி மாதிரியின் நிலையும் இதுதான். அது ஜோசியராக இருக்கலாம். கிளியாக இருக்கக் கூடாது. மொழி மாதிரி என்பது எல்லா அட்டைகளுக்கும் சமமான வாய்ப்பு கொடுத்துத் தேர்ந்தெடுக்கும் பொறி அல்ல. விட்டுவிட்டால், அது எழுத்துகளில் அதிகம் பேசப்பட்ட, பெயர்பெற்ற அட்டைகளின் பக்கம் சாயும். மேலும், பயனர் கேட்ட கேள்வியை ஏற்கெனவே படித்துவிட்டதால், அந்தக் கேள்விக்குப் பொருத்தமாகத் தோன்றும் அட்டையையே எடுக்கும்.

எனவே ஆவணம் எழுதுவதற்கு முன்பே கருவியை மூன்றாகப் பிரித்துவிடுமாறு பரிந்துரைக்கிறேன். முதலாவது, ‘விரிப்பு எடு’: கட்டைக் கலைத்து அட்டைகளைத் தரும் (விரிப்பு என்பது ஒரு வாசிப்புக்காகக் குறிப்பிட்ட இடங்களில் வைக்கப்படும் அட்டைகளின் அமைப்பு). இரண்டாவது, ‘அட்டைப் பொருள்’: ஓர் அட்டையின் அடையாளத்தைக் கொடுத்தால் அதன் மரபுவழிப் பொருளைத் தரும். மூன்றாவது, ‘விரிப்பை மீட்டெடு’: முன்பு எடுத்த விரிப்பை அதன் எண்ணைக் கொண்டு மறுபடியும் தரும். அட்டைகளைக் கோத்துப் பயனரின் கேள்வியோடு இணைத்துப் பேசுவது முகவரின் வேலை. இந்தப் பிரிவை வரையாமல் ஒரே கருவியை வைத்துக்கொண்டு ஆவணத்தால் அதைச் சரிக்கட்ட முயன்றால், ஒவ்வொரு பத்தியிலும் விதிவிலக்கு எழுத வேண்டிவரும்.

இரண்டாம் படி: விளக்கம்

முகவர் ஒரு கருவியை அழைப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பது விளக்கத்தைப் படித்துத்தான். ‘டாரட் அட்டைகளை வாசிக்க உதவும் கருவி’ என்று எழுதினால், அந்த முடிவுக்கு உதவும் செய்தி அதில் எதுவும் இல்லை. ஒப்பிட்டுப் பார்க்க, நான் பயன்படுத்தும் வடிவம் இதோ:

‘ரைடர்–வெயிட்–ஸ்மித் மரபின் 78 அட்டைகளைக் கலைத்து, கேட்கப்பட்ட விரிப்புக்குரிய அட்டைகளை எடுத்துத் தரும். பயனர் புதிதாக ஒரு வாசிப்பு கேட்கும்போது மட்டும் அழைக்கவும். பயனர் தம் கையால் எடுத்த அட்டையைப் பற்றிக் கேட்டால் இதை அழைக்காமல் அட்டைப் பொருள் கருவியை அழைக்கவும். ஒவ்வோர் அழைப்பிலும் வேறு அட்டைகள் வரும்; ஏற்கெனவே எடுத்த விரிப்பைப் பற்றித் தொடர்ந்து பேசும்போது மீண்டும் அழைக்கக் கூடாது. அட்டை, இடம், நிலை (நேர் அல்லது தலைகீழ்) ஆகியவற்றை மட்டுமே தரும், பொருள் தராது.’

இதில் பாதி வரிகள் எப்போது அழைக்கக் கூடாது என்பதைச் சொல்கின்றன. அது தற்செயலானதல்ல. வீட்டில் சொந்தமாக அட்டைக்கட்டு வைத்திருப்பவர் ‘எனக்கு வாள் மூன்று வந்திருக்கிறது, என்ன பொருள்’ என்று கேட்கும்போது, முகவர் புதிதாக மூன்று அட்டைகளை எடுத்து நீட்டினால், அவர் கேள்வியே காணாமல் போகிறது. இந்த ஒரு தவறைத் தடுக்கும் வரிக்கு விளக்கத்தில் வேறு எந்த வரியையும் விட அதிக மதிப்பு உண்டு. அலங்காரச் சொற்களுக்கோ இங்கே இடமில்லை. விளக்கத்தின் ஒவ்வொரு சொல்லும் பெரும்பாலும் ஒவ்வோர் உரையாடலிலும் மாதிரியின் முன் ஏற்றப்படுகிறது என்பதை நினைவில் வைக்க வேண்டும்.

மூன்றாம் படி: எந்த மரபு என்பதைப் பதிவு செய்தல்

ஆவணத்தில் அதிக நேரம் செலவிட வேண்டிய பகுதி இது. டாரட் என்று ஒரே ஒரு பொருள் இருப்பதைப் போல மொழி மாதிரி பேசும். உண்மையில் அப்படி இல்லை. 15-ஆம் நூற்றாண்டில் வடக்கு இத்தாலியில் சீட்டாட்டமாகத் தொடங்கிய இந்தக் கட்டு, 18-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரான்சில்தான் குறி சொல்லும் பொருளாகப் பரவலாயிற்று. 1781-இல் அந்துவான் கூர் த ஷெபலான் என்னும் பிரெஞ்சு அறிஞர் இந்த அட்டைகளுக்கு எகிப்திய மூலம் உண்டு என்று எழுதினார். அதற்குச் சான்று எதுவும் இல்லை என்றாலும், அந்தக் கூற்று இன்றுவரை எழுத்துகளில் தொடர்கிறது. உங்கள் ஆவணம் தோற்றத்தைப் பற்றி வாய் திறக்காவிட்டால், முகவர் எகிப்தியக் கோயில்களைப் பற்றிப் பயனரிடம் பேசக்கூடும். ஒரு வரி போதும்: ‘இக்கட்டின் தோற்றம் 15-ஆம் நூற்றாண்டு இத்தாலி, எகிப்திய மூலம் என்பது பிற்காலக் கற்பனை.’

மரபு வேறுபாடு வெறும் வரலாற்றுச் செய்தி அல்ல. அது விடையையே மாற்றும். ஆர்தர் எட்வர்ட் வெயிட் வகுத்துக் கொடுக்க, பமேலா கோல்மன் ஸ்மித் வரைந்து, 1909-இல் லண்டனில் வெளியான ரைடர்–வெயிட்–ஸ்மித் கட்டில் (சுருக்கமாக, வெயிட் கட்டு), ‘வலிமை’ 8-ஆம் அட்டை, ‘நீதி’ 11-ஆம் அட்டை. அதற்கு முந்தைய, பிரெஞ்சு நகரொன்றின் பெயரால் வழங்கும் மார்செய் மரபில் இது நேர்மாறு: நீதி 8, வலிமை 11. கருவியின் முதல் வடிவத்தில் பெரிய அர்கானா எனப்படும், தனிப்பெயர் கொண்ட 22 அட்டைகளையும் வெறும் எண்ணால் அழைக்கும்படி எழுதியிருந்தேன். மார்செய் கட்டு வைத்திருந்த ஒருவர் ‘8-ஆம் அட்டை’ என்று கேட்டதற்கு, முகவர் சிங்கத்தின் வாயை மூடும் பெண்ணைப் பற்றிப் பொறுமையாக விளக்கியது. அவர் கையிலிருந்த அட்டையிலோ தராசும் வாளும் இருந்தன. அவர் சொல்லியிராவிட்டால் எனக்குத் தெரிந்தே இருக்காது. அன்றிலிருந்து அடையாளமாக எண்ணை ஏற்பதில்லை; ‘பெரிய அர்கானா, வலிமை’ என்ற பெயரையே ஏற்கிறேன்; எண்ணை மரபோடு சேர்த்துத் தனிப் புலத்தில் தகவலாக மட்டும் தருகிறேன்.

சின்ன அர்கானா எனப்படும் மீதி 56 அட்டைகளிலும் இதே கவனம் வேண்டும். கோல், கோப்பை, வாள், நாணயம் என்ற நான்கு வகைக்கும் ஒன்று முதல் பத்து வரை எண் அட்டைகளும், பேஜ், நைட், ராணி, ராஜா என நான்கு அரசவை அட்டைகளும் உண்டு. ஆனால் ஆங்கில மறைஞானி அலிஸ்டர் குரோலியும் ஓவியர் ஃப்ரீடா ஹாரிஸும் உருவாக்கிய தோத் கட்டில் அரசவை அட்டைகள் நைட், ராணி, இளவரசர், இளவரசி என்று அமைகின்றன. அங்கே ராஜா என்ற அட்டையே இல்லை. பெயர் ஒன்றாக இருப்பதால் தோத் கட்டின் நைட்டை வெயிட் கட்டின் நைட்டோடு பொருத்தினால், வரிசையில் அதன் இடமே மாறிவிடும். அதுபோல, ஸ்மித் வரைந்த கட்டில் எண் அட்டைகள் ஒவ்வொன்றிலும் ஒரு காட்சி உண்டு. வாள் மூன்றில், மழைக்கு நடுவே, மூன்று வாள்கள் பாய்ந்த இதயத்தைக் காணலாம். மார்செய் கட்டின் வாள் மூன்றில் வாள்களும் இலை அலங்காரமும் மட்டுமே இருக்கும். ‘படத்தில் நீங்கள் காணும் இதயம்’ என்று முகவர் எழுதும்போது, அந்த இதயம் பயனரின் அட்டையில் இல்லாமல் போகலாம்.

உங்கள் கருவி ஒரே மரபை மட்டும் ஆதரிக்கிறது என்றால் அதையும் வெளிப்படையாக எழுதுங்கள்: ‘வேறு கட்டு வைத்திருக்கும் பயனரிடம், இப்பொருள்கள் அவர் கட்டுக்கு முழுமையாகப் பொருந்தாது என்று சொல்லவும்.’

நான்காம் படி: உள்ளீடுகள்

ஒவ்வொரு புலத்துக்கும் அது என்ன, ஏற்கும் மதிப்புகள் யாவை, கொடுக்காவிட்டால் என்ன ஆகும் என்ற மூன்றையும் எழுத வேண்டும். விரிப்பின் பெயரைக் கட்டற்ற உரையாக ஏற்காமல், ‘ஒற்றை அட்டை’, ‘மூன்று அட்டை’, ‘கெல்டிக் சிலுவை’ என்று பட்டியலிட்டு, அவற்றுள் ஒன்றையே ஏற்கும்படி, உள்ளீட்டின் வடிவத்தை வரையறுக்கும் ஜேசான் ஸ்கீமாவில் கட்டுப்படுத்துவது நல்லது. பட்டியலிட்டால் மட்டும் போதாது; மூன்று அட்டை என்றால் கடந்தது, நிகழ்வது, வருவதா, அல்லது சூழல், செயல், விளைவா என்று ஒவ்வொன்றின் இடங்களையும் சொல்ல வேண்டும்.

கெல்டிக் சிலுவையில் இன்னும் இரண்டு செய்திகள் மறைந்திருக்கின்றன. வெயிட் விவரித்த முறையில் பத்து அட்டைகளுக்கு முன்பாக, கேட்பவரைக் குறிக்கும் ஓர் அட்டை கட்டிலிருந்து தனியே எடுத்து வைக்கப்படுகிறது. அதைப் பின்பற்றினால் கலைக்கப்படுபவை 77 அட்டைகளே. இன்று பலர் அதை விட்டுவிடுகிறார்கள். உங்கள் கருவி எதைச் செய்கிறது என்பது ஆவணத்தில் இருக்க வேண்டும். அடுத்து, இரண்டாவது அட்டை முதலாவதன் குறுக்கே கிடக்கிறது. குறுக்கே கிடக்கும் அட்டைக்கு நேர், தலைகீழ் என்பது எப்படி? எங்கள் கருவி அந்த இடத்துக்கு எப்போதும் நேர்நிலையையே தருகிறது, அதை ஆவணமும் சொல்கிறது. வேறு முடிவு எடுப்பதில் தவறில்லை; முடிவை எழுதாமல் விடுவதுதான் தவறு.

சோதனைக்காகச் சிலர் சீட்டைக் கலைக்கும் விதை எண்ணையும் (ஒரே எண்ணை இட்டால் ஒரே வரிசை வரும்) உள்ளீடாக வைப்பார்கள். அதை முகவரின் கண்ணில் காட்டக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. புலம் ஒன்று இருந்தால் அதை நிரப்ப வேண்டும் என்று மாதிரி நினைக்கும். நிரல் எடுத்துக்காட்டுகளில் அடிக்கடி வரும் 42 என்ற எண்ணை இட்டு நிரப்பும். பிறகு, வருவோர் எல்லாருக்கும் ஒரே அட்டைகள் விழும். பயனரின் கேள்வியையும் ‘விரிப்பு எடு’ கருவி பெறத் தேவையில்லை. அட்டை எடுப்பதற்கு அந்தக் கேள்வி பயன்படுவதில்லை. மக்கள் அதில் தங்கள் மண வாழ்க்கையையும் கடன்களையும் எழுதுவார்கள். தேவையற்ற அந்தரங்கத்தைச் சேகரிக்காத கருவிக்கு அதைப் பாதுகாக்கும் கடமையும் வராது.

ஐந்தாம் படி: கலைக்கும் விதியும், மீண்டும் அழைப்பதன் ஆபத்தும்

ஒரே விரிப்பில் ஓர் அட்டை இரண்டு முறை வராது என்று எழுதுங்கள். எல்லாருக்கும் தெரிந்ததுதானே என்று தோன்றும். ஆனால் எடுத்த அட்டையைத் திரும்பக் கட்டில் வைக்கும்படி நிரல் தவறுதலாக எழுதப்பட்டிருந்தால், பத்து அட்டை விரிப்பில் ஏதேனும் ஓர் அட்டை திரும்ப வரும் வாய்ப்பு ஏறத்தாழ 45 விழுக்காடு. விதி ஆவணத்தில் இருந்தால்தான், அதற்கு மாறான விடை வரும்போது முகவரோ சோதிப்பவரோ அதைப் பிழை என்று கண்டுகொள்ள முடியும். தலைகீழ் நிலை அனுமதிக்கப்படுகிறதா, அனுமதித்தால் ஒவ்வோர் அட்டைக்கும் வாய்ப்பு சரிபாதியா என்பதும் இங்கேயே இடம்பெற வேண்டும்.

இதைவிடப் பெரிய சிக்கல் ஒன்று உண்டு. பிணையம் தடுமாறி விடை வரத் தாமதமானால், முகவர் இயல்பாக மறுபடியும் அழைக்கும். கோப்பைப் படிக்கும் கருவியில் அதனால் தீங்கில்லை. இங்கேயோ, இரண்டாம் அழைப்பில் வேறு அட்டைகள் வந்துவிடும். முதல் விடையும் தாமதமாக வந்து சேர்ந்தால், இரண்டு விரிப்புகளில் எது பயனருக்கு உரியது? சில முகவர்கள் இரண்டையும் கலந்துவிடும். இன்னும் மோசமாக, பயனர் முகம் சுளித்ததும் அவரை மகிழ்விக்க மீண்டும் ஒரு முறை எடுத்துப் பார்க்கும். டாரட் வாசிப்பவர்கள், பிடித்த அட்டை வரும்வரை கலைத்துக்கொண்டே இருப்பதை ஏற்பதில்லை. கருவியும் ஏற்கக் கூடாது.

நெறிமுறையில் கருவிக்குச் சூட்டக்கூடிய குறிப்புகள் சில உள்ளன: படிக்க மட்டுமே செய்கிறதா, திரும்ப அழைத்தால் கூடுதல் விளைவு உண்டா என்பன போன்றவை. அவை சூழலில் ஏற்படும் மாற்றத்தைப் பற்றியவை. விடை ஒவ்வொரு முறையும் மாறும் என்பதை அவை சொல்வதில்லை. ஆகவே இதை விளக்கத்தில் சொற்களாலேயே எழுத வேண்டும். அதோடு, முகவர் ஒவ்வொரு புதிய வாசிப்புக்கும் ‘கோரிக்கை எண்’ ஒன்றை உருவாக்கி அனுப்பட்டும். அதே எண்ணோடு மறு அழைப்பு வந்தால் கருவி பழைய அட்டைகளையே தரட்டும். ஆவணத்தில்: ‘விடை கிடைக்காவிட்டால் அதே கோரிக்கை எண்ணுடன் மீண்டும் அழைக்கவும், புதிய எண் என்பது புதிய வாசிப்பு.’

ஆறாம் படி: வெளியீடு

விடையில் மாறாத உண்மைகளையும் விளக்க உரையையும் தனித்தனிப் புலங்களில் வைக்க வேண்டும். ‘விரிப்பு எடு’ தரும் ஒவ்வோர் அட்டையும் இப்படி இருக்கும்: இடத்தின் வரிசை எண் 2, இடத்தின் பெயர் நிகழ்வது, அட்டையின் அடையாளம் கோப்பை ஆறு, நிலை தலைகீழ். ‘அட்டைப் பொருள்’ தருவது: நேர்நிலைப் பொருளுக்கு மூன்று நான்கு சொற்கள், தலைகீழ்ப் பொருளுக்கு மூன்று நான்கு சொற்கள், படத்தில் உள்ளவை பற்றி இரண்டு வாக்கியங்கள். 78 அட்டைக்கும் இரு நிலை என்றால் 156 பதிவுகள். அவற்றை நீண்ட கட்டுரைகளாக எழுதிவைக்கும் ஆசையை அடக்கிக்கொள்ளுங்கள். நீண்ட பத்தியைக் கொடுத்தால் முகவர் அதையே ஒப்பிக்கும். குறிப்புச் சொற்களைக் கொடுத்தால் கேட்டவரின் சூழலோடு பொருத்தும்.

படத்தில் உள்ளவற்றைத் தருவது ஏன் என்று சிலர் கேட்கலாம். மாதிரியின் நினைவில் பல கட்டுகளின் படங்கள் கலந்திருக்கின்றன. வெயிட் கட்டின் ‘மரணம்’ அட்டையில் கவசம் பூண்ட எலும்புருவம் வெள்ளைக் குதிரையில் வருகிறது. வேறு கட்டில் அது அரிவாள் ஏந்தி நிற்கிறது. ‘படம் பற்றிப் பேசும்போது இந்தப் புலத்தில் இல்லாததைச் சேர்க்கக் கூடாது’ என்ற வரியும் உடன் இருக்கட்டும்.

ஏழாம் படி: கருவி எதைச் செய்யாது

‘பொழுதுபோக்குக்கு மட்டும்’ என்று ஒரு வரியை அடியில் ஒட்டிவிட்டு நகர்வது எனக்கு உடன்பாடில்லை. டாரட்டை நாடுபவர்களில் பலர் பொழுதுபோக்காக வருவதில்லை. மருத்துவப் பரிசோதனை முடிவுக்குக் காத்திருக்கும் இரவில் வருகிறார்கள். அட்டைகள் எதிர்காலத்தை முன்கூட்டிச் சொல்லும் என்பதற்குச் சான்று இல்லை. தம் நிலையைத் திருப்பிப் பார்த்து யோசிக்க அவை ஒரு கருவியாகலாம். இதை ஆவணம் நேராகச் சொல்ல வேண்டும், முகவருக்குச் செயல்படுத்தத்தக்க சொற்களில்: ‘மரணம் அட்டையை யாருடைய சாவுக்கும் அறிகுறியாகக் கூறக் கூடாது, மரபிலேயே அது முடிவையும் மாற்றத்தையும் குறிக்கிறது. நோய், மருந்து, வழக்கு, முதலீடு பற்றிய முடிவை அட்டைகளைக் கொண்டு பரிந்துரைக்கக் கூடாது. உரிய வல்லுநரை அணுகச் சொல்லவும். பயனரின் பேச்சில் தம்மைத் தாமே வருத்திக்கொள்ளும் எண்ணம் தென்பட்டால் வாசிப்பை நிறுத்தி, உடனடி உதவி பெறும் வழியைச் சொல்லவும்.’

இத்தகைய வரிகளைக் கருவியின் விளக்கத்திலேயே வையுங்கள். தனியாக ஒரு பக்கத்தில் வைத்தால் அந்தப் பக்கம் முகவரின் முன் ஏற்றப்படாமலே போகலாம்.

எட்டாம் படி: தமிழ்ப் பெயர்கள்

தமிழில் பேசும் பயனர் ‘கப்ஸ் ஆறு’, ‘கோப்பை ஆறு’, ‘சிக்ஸ் ஆஃப் கப்ஸ்’ என்று எப்படியும் எழுதுவார். ஒவ்வோர் அட்டைக்கும் மாற்றுப் பெயர்ப் பட்டியல் வேண்டும். கண்ணுக்குத் தெரியாத இன்னொரு சிக்கலும் உண்டு. எழுத்துகளுக்குக் குறியெண் தரும் யூனிகோடில் ‘கோ’ என்பதன் ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். இரட்டைக்கொம்பு, கால் என்ற இரண்டு குறியெண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும்; கணினிக்கோ அவை வெவ்வேறு சரங்கள். ‘கோப்பை’ வகையின் 14 அட்டைகளும் இதனால் சிலருக்குக் கிடைக்காமல் போகும். ‘கோல்’ வகைக்கும் இதே நிலைதான். இரு வகையையும் ஒன்றாக்கும், யூனிகோடின் என்எஃப்சி வடிவுக்கு மாற்றிய பிறகே ஒப்பிட வேண்டும். கருவியே அதைச் செய்கிறது என்று ஆவணத்தில் எழுதினால், முகவர் பெயரைத் தானே திருத்த முயலாது.

ஒன்பதாம் படி: பிழைச் செய்தியும் சோதனையும்

பிழைச் செய்தியும் ஆவணம்தான். முகவர் அதையும் படித்துத்தான் அடுத்த அடியை வைக்கிறது. ‘தவறான உள்ளீடு’ என்பதற்குப் பதில், ‘வாள் இளவரசி இந்தக் கட்டில் இல்லை, வாள் வகையின் அரசவை அட்டைகள் பேஜ், நைட், ராணி, ராஜா. பயனர் தோத் கட்டு வைத்திருக்கிறாரா என்று கேட்கவும்’ என்று எழுதினால் உரையாடல் சரியான பாதைக்கு வரும். இத்தகைய பிழையை நெறிமுறை மட்டத்துப் பிழையாக அனுப்பாமல், கருவியின் விடையிலேயே பிழைக் குறியோடு அனுப்ப வேண்டும். அப்போதுதான் மாதிரி அதைப் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ள முடியும்.

சோதனையைப் பொறுத்தவரை, எல்லாவற்றையும் இயக்கிப் பார்ப்பது நடவாது. மூன்று அட்டை விரிப்புக்கே, வரிசையைக் கணக்கில் கொண்டால், 78 × 77 × 76, அதாவது 4,56,456 அமைப்புகள் உண்டு. நேர், தலைகீழ் சேர்த்தால் அதைப்போல் எட்டு மடங்கு. ஆகவே ஆவணத்தைச் சோதியுங்கள். ஆவணத்தை மட்டும் கொடுத்து, கருவி இல்லாமல், ஒரு மாதிரியிடம் கேளுங்கள்: பயனர் தம் கட்டில் வலிமை 11 என்கிறார், என்ன செய்வாய், விடை வரவில்லை, என்ன செய்வாய், பயனருக்கு வந்த அட்டை பிடிக்கவில்லை, மாற்றிக் கேட்கிறார், என்ன செய்வாய். விடை தவறாக இருந்தால் முதலில் மாதிரியைக் குறை சொல்லாமல், அந்த விடைக்கு இடம் கொடுத்த வரியைத் தேடுங்கள். ஒரு வரியை மாற்றினால் எல்லாக் கேள்விகளையும் மறுபடியும் கேளுங்கள், ஏனெனில் ஒன்றைச் சரிசெய்யச் சேர்த்த வாக்கியம் வேறொன்றைக் கெடுப்பது அடிக்கடி நடக்கிறது.

பொருள் பதிவுகளைத் திருத்தும்போது பதிப்பு எண்ணை உயர்த்தி, விடையிலும் அதைச் சேர்த்து அனுப்புங்கள். ஆறு மாதத்துக்கு முன் எடுத்த விரிப்பை ஒருவர் மீட்டெடுத்து, அன்று வேறு பொருள் சொன்னாயே என்று கேட்டால், அன்றைய பதிப்பு எது, இன்றையது எது என்று முகவரால் சொல்ல முடியும்.